கொல்லைப்புறம் வழியே புதுச்சேரி

தில்லியிலிருந்து வந்திருந்த பெரியப்பா மகன் எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து செல்பேசியில் வரைபடத்தைத் துழாவிக்கொண்டிருந்தார். திடீரென்று நிமிர்ந்து கேட்டார்: “சென்னையிலிருந்து புதுச்சேரி 150 கிலோமீட்டர்தான். சனி, ஞாயிறு வந்தால் பாதிச் சென்னை அங்கேதான் கிடக்கிறது என்கிறாய். அப்படியென்றால் ரயில் ஏன் விழுப்புரத்தைச் சுற்றிக்கொண்டு போகிறது? விமானம் ஏன் கொஞ்ச காலம் பறக்கிறது, கொஞ்ச காலம் நிற்கிறது?”

“பஸ்ஸில் ஏறினால் போயிற்று அண்ணா” என்று சொல்லி அப்போதைக்குத் தப்பித்துக்கொண்டேன். ஆனால் கேள்வி நியாயமானது. இவ்வளவு பேர் போகும் கடற்கரை ஊருக்கு நேரான வழி என்று சாலை ஒன்றைத் தவிர வேறு எதுவும் இல்லை. அந்தச் சாலையும் நேற்று முளைத்ததுதான்.

ஒரு வீட்டின் வாசல் எந்தப் பக்கம் என்று பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும். புதுச்சேரியின் வாசல் கிழக்கே கடலைப் பார்த்திருக்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் 1674-இல் இங்கே குடியேறியது கப்பலில் வந்து இறங்குவதற்காக. பழைய கலங்கரை விளக்கமும் சுங்க அலுவலகமும் கடற்கரைச் சாலையில் நிற்பது அழகுக்காக அல்ல. அதுதான் ஊரின் தலைவாசல். அங்கிருந்து மேற்கே நடந்தால் முதலில் வெள்ளையர் தெருக்கள், பிறகு கால்வாய், அதைத் தாண்டித் தமிழர் தெருக்கள், கடைசியில் பழைய ஊரைச் சுற்றி ஓடும் புல்வார் சாலை. இன்று நாம் பஸ்ஸிலிருந்து இறங்கும் மறைமலையடிகள் சாலை அந்தப் புல்வாருக்கும் வெளியே இருக்கிறது. அதாவது, ஊரைக் கட்டியவர்கள் கொல்லைப்புறம் என்று விட்டுவைத்த பக்கமாக நுழைந்து, கூடம், முற்றமெல்லாம் கடந்து, வாசல் திண்ணையில் போய் உட்கார்ந்து காற்று வாங்குகிறோம்.

அந்தத் தலைவாசலும் அப்படி ஒன்றும் வசதியானது அல்ல. இயற்கைத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் ஆழமான நீரில் நங்கூரமிட்டு நிற்கும். ஆட்களும் சரக்கும் மசூலா படகுகளில் அலையைத் தாண்டிக் கரைக்கு வர வேண்டும். ஆணி அடிக்காமல், பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்துக் கட்டிய படகுகள் அவை. கரையோரத்து அலை அடிக்கிற அடியில் ஆணி அடித்த படகு விரிசல் விட்டுவிடும். தைத்த படகு வளைந்து கொடுக்கும். 1866-இல் பிரெஞ்சு அரசு கடலுக்குள் நீளும் இரும்புப் பாலம் ஒன்றைக் கட்டிய பிறகு இந்தப் பாடு குறைந்தது. 1952 புயலில் அந்தப் பாலம் போய்விட்டது. அதன் தூண்கள் காந்தி சிலைக்குப் பக்கத்தில் கடலுக்குள் கறுப்பாகத் தலைநீட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்த நினைவு பலருக்கு உண்டு. 1910 ஏப்ரலில் கல்கத்தாவிலிருந்து அரவிந்தர் வந்தது கப்பலில்தான். கப்பலின் பெயர் ‘டூப்ளே’. பிரிட்டிஷ் போலீஸ் கை வைக்க முடியாத மண்ணுக்குக் கடல் வழியாக வந்துவிடுவது அன்றைக்குப் புத்திசாலித்தனம்.

இந்த ‘கை வைக்க முடியாத மண்’ என்பதில்தான் ரயில் கதை தொடங்குகிறது.

சென்னை எழும்பூரிலிருந்து விழுப்புரம் 159 கிலோமீட்டர். அங்கிருந்து கிழக்கே புதுச்சேரி 38 கிலோமீட்டர். வரைபடத்தில் பார்த்தால் ‘ட’ எழுத்தைச் சற்றுச் சாய்த்து எழுதியதுபோல் இருக்கும்: நேரே கீழே இறங்கி, பிறகு வலப்பக்கம் ஒரு கோடு. ரயில் திண்டிவனத்தில் நிற்கும்போது சாலை வழியே புதுச்சேரி நாற்பது கிலோமீட்டருக்குள்தான். ஆனால் ரயில் தெற்கே விழுப்புரம் வரை போய், அங்கிருந்து கிழக்கே திரும்பி, இன்னும் எழுபத்தைந்து கிலோமீட்டர் ஓடித்தான் ஊர் சேரும்.

தென்னிந்திய ரயில்வே தன் பிரதான பாதையைப் போட்டபோது அது செங்கல்பட்டு, திண்டிவனம், விழுப்புரம் என்று உள்நாட்டு ஊர்களைத் தொட்டுக்கொண்டு போய்க் கடலூரில்தான் கடலோரத்தை எட்டிப் பார்த்தது. கடலூர் ஆங்கிலேயர் ஊர். அதற்கு இருபது கிலோமீட்டர் வடக்கே இருந்த பிரெஞ்சு ஊரை அது தொடவில்லை. பிரதான பாதையைக் கொண்டுபோய் இன்னொரு தேசத்தின் கையில் கொடுக்க எந்த ஆங்கிலேய அதிகாரி சம்மதித்திருப்பார்? ஆகவே புதுச்சேரிக்குக் கிடைத்தது ஒரு கிளைப்பாதை. 1879 டிசம்பரில் விழுப்புரத்திலிருந்து மீட்டர்கேஜ் பாதை வந்து சேர்ந்தது. எல்லையில் சுங்கச் சோதனை, பெட்டி திறந்து காட்டுதல் எல்லாம் உண்டு. 1954 நவம்பரில் பிரெஞ்சு ஆட்சி கைமாறியது. எல்லையில் பெட்டியைத் திறந்து காட்ட வேண்டிய அவசியமும் போயிற்று. பாதை மட்டும் அப்படியே தங்கிவிட்டது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அது அகலப்பாதை ஆனது. அகலம் மாறியது, திசை மாறவில்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. புதுச்சேரியிலிருந்து தில்லிக்கு ரயில் இருக்கிறது, ஹவுராவுக்கு இருக்கிறது, மும்பை தாதருக்கு இருக்கிறது, கன்னியாகுமரிக்கும் மங்களூருக்கும் இருக்கிறது. சிலவற்றுக்கு வாரத்தில் ஒரு நாள்தான் கிழமை. ஆனால் அன்றாடம் ஆயிரக்கணக்கானோர் போய்வரும் சென்னைக்கு ஓடும் ரயில்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். காரணம் எளிது. தில்லிக்காரருக்கு விழுப்புரச் சுற்று ஒரு பொருட்டே அல்ல. இரண்டாயிரம் கிலோமீட்டரில் நாற்பது கூடினால் என்ன குடி முழுகிவிடும்? சென்னைக்காரருக்கோ அது பஸ்ஸோடு போட்டி. மூன்று, மூன்றரை மணி நேரத்தில் பஸ் போய்விடுகிற ஊருக்கு நான்கு மணி நேரம் ஓடும் ரயில் யாருக்கு வேண்டும்?

எனக்கு வேண்டும். அதைச் சொல்லிவிடுகிறேன். காலையில் எழும்பூரில் கிளம்பும் மின்தொடர் வண்டியில் டிக்கெட் நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். திண்டிவனம் வரை அலுவலகக் கூட்டம். அதன் பிறகு வண்டி காலியாகும். விழுப்புரத்தில் பாதி வண்டி இறங்கி, கிளைப்பாதைக் கூட்டம் ஏறும்: வாழைத்தார், கூடை, கல்லூரிப் பிள்ளைகள். வளவனூர், சின்னபாபு சமுத்திரம் என்று நிலையங்கள். இரு பக்கமும் கரும்பும் நெல்லும். சங்கராபரணி ஆற்றைத் தாண்டினால் வில்லியனூர். பிறகு வேகம் குறைந்து, மூடிக்கிடக்கும் ஏ.எஃப்.டி. மில்லின் நீண்ட மதிலோரமாக ஊருக்குள் நுழையும். அங்கே கடலூர் சாலையின் ரயில்வே கேட்டில் இரு பக்கமும் மோட்டார் சைக்கிள்கள் முறைத்துக்கொண்டு நிற்பதை ஜன்னலோரமாகப் பார்த்தபடி போவதில் ஒரு அற்பச் சந்தோஷம் இருக்கிறது. வாரத்தின் மற்ற நாட்களில் அந்தப் பக்கம் நிற்பது நாம்தானே.

இறங்கும் இடத்திலும் ரயில் ஜெயித்துவிடுகிறது. நிலையம் இருப்பது தெற்குப் புல்வாரான சுப்பையா சாலையில். வெளியே வந்தால் சற்றுத் தொலைவில் இருதய ஆண்டவர் கோயிலின் கோபுரங்கள் தெரியும். அப்படியே கிழக்கே பதினைந்து நிமிடம் நடந்தால் கடல். பஸ் நிலையத்தில் இறங்கினால் இந்த நடைக்கு வழியில்லை. ஆட்டோக்காரரோடு பேரம் பேச வேண்டும். மாலை ஆறு மணிக்கு மேல் கடற்கரைச் சாலையில் வண்டிகளுக்கு அனுமதி இல்லை என்பதால், பேசிய காசுக்கு ஒரு தெரு முன்னாலேயே இறக்கிவிடுவார். அது அவர் குற்றமில்லை. முதல் தடவை இது தெரியாமல் மாமனார் மாமியாரோடு, மூன்று பெட்டிகளோடு, நான் போட்ட சண்டை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

சென்னையிலிருந்து மாமல்லபுரம், புதுச்சேரி வழியாகக் கடலூருக்குக் கடலோரமாகவே ரயில் பாதை போடும் திட்டம் ஒன்று ரயில்வேயின் ஏடுகளில் ஆண்டுக்கணக்காக இருக்கிறது. நிதிநிலை அறிக்கை வரும்போதெல்லாம் நாளிதழ்களில் அதன் பெயர் வரும். மண் வெட்டும் ஓசையைத்தான் காணோம்.

தென்மாவட்டத்துக்காரர்களுக்கு வேறு கணக்கு. மதுரை, திருச்சி, தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வருபவர்கள் புதுச்சேரிக்கு நேர் ரயில் தேடி நாளை வீணாக்க வேண்டாம். சென்னை போகும் ஏதாவது ஒரு ரயிலில் ஏறி விழுப்புரத்தில் இறங்கிவிடலாம். ஜங்ஷனிலிருந்து ஆட்டோ பிடித்துப் பேருந்து நிலையம் போனால் புதுச்சேரிக்கு அடுத்தடுத்து பஸ்கள் நிற்கும். ஏறக்குறைய ஒரு மணி நேரம். கிளைப்பாதை ரயிலுக்காகக் காத்திருப்பது மனத்துக்கு நல்லது, கடிகாரத்துக்கு அல்ல.

விழுப்புரத்திலிருந்து போகும் அந்தச் சாலையில் எல்லை எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். வளவனூர் தமிழ்நாடு. மதகடிப்பட்டு, திருபுவனை புதுச்சேரி. கண்டமங்கலம் மறுபடி தமிழ்நாடு. அரியூர் வந்தால் மறுபடி புதுச்சேரி. நெப்போலியன் காலத்துப் போர்கள் முடிந்து ஆங்கிலேயர் இந்த மண்ணைப் பிரெஞ்சுக்காரர்களிடம் திருப்பிக் கொடுத்தபோது ஒரே துண்டாகக் கொடுக்கவில்லை. கிழிந்த வேட்டிபோல் அங்கொரு துண்டு இங்கொரு துண்டாகத்தான் கிடைத்தது. இன்றைக்கு அந்தக் கிழிசலைக் காட்டிக்கொடுப்பவை மதுக்கடைகளும் பெட்ரோல் பங்குகளும்தான்.

இ.சி.ஆர். என்கிற கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் இதே விளையாட்டுத்தான். அந்தச் சாலைக்கு வருகிறேன், ஏனென்றால் இன்று புதுச்சேரி என்ற சுற்றுலா ஊரைத் தூக்கி நிறுத்தியிருப்பதே அதுதான். ஒரு காலத்தில் சென்னையிலிருந்து கார் என்றாலும் பஸ் என்றாலும் ஜி.எஸ்.டி. சாலை எனப்படும் உள்நாட்டு நெடுஞ்சாலையில் திண்டிவனம் போய்த் திரும்ப வேண்டும். கடலோரத்தில் இருந்தவை மீனவ ஊர்களை இணைக்கும் துண்டுச் சாலைகள். அவை 1990-களில் ஒன்றாக்கப்பட்டு, 2002-இல் சுங்கக் கட்டணச் சாலையானபோது, ‘போய்விட்டு ராத்திரியே வந்துவிடலாம்’ என்ற எண்ணம் சென்னைக்காரர்களுக்கு முதல் முறையாக வந்தது. வார இறுதி என்ற வழக்கமும் அந்தச் சாலையும் கூடவே வளர்ந்தவை.

கோயம்பேட்டில் நின்றால் நடத்துனர் குரல் கேட்கும்: “பாண்டி, பாண்டி, பாண்டி!” நாளிதழில் புதுச்சேரி, கவிதையில் புதுவை, பஸ் நிலையத்தில் பாண்டி. ஏறுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: “இ.சி.ஆரா, திண்டிவனமா?” 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் திறந்த பிறகு இந்தக் கேள்விக்கு இன்னும் பொருள் கூடிவிட்டது. திண்டிவனம் வழிப் பஸ்கள் அங்கே போய்விட்டன. வடசென்னையிலோ அண்ணா நகரிலோ இருப்பவர் கிளாம்பாக்கம் போய்ச் சேர்வதற்குள் இ.சி.ஆர். பஸ்ஸில் போனவருக்கு மரக்காணம் வாசனை வந்துவிடும். தாம்பரத்துக்குத் தெற்கே இருப்பவருக்கோ அது அடுத்த தெரு. ஆகவே எந்த வழி நல்லது என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. உங்கள் வீடு எங்கே என்று முதலில் சொல்ல வேண்டும்.

இ.சி.ஆரில் இடப்பக்க ஜன்னல் கேட்டு அடித்துக்கொள்பவர்களுக்கு ஒரு செய்தி. பெயரில்தான் கடற்கரை; மாமல்லபுரம் தாண்டினால் கடல் அவ்வளவாகக் கண்ணில் படாது. சவுக்குத் தோப்பும் மதில் சுவரும் மறைத்துவிடும். பார்க்க வேண்டியது மரக்காணம். சாலையின் இரு பக்கமும் உப்பளம். பாத்திகளில் வானம் அப்படியே படுத்துக் கிடக்கும். வரப்புகளில் வெள்ளை வெள்ளையாகக் குவியல்கள், மழைக்காலத்தில் அவற்றின் மேல் ஓலை மூடாக்கு. பஸ்ஸில் அந்த ஐந்து நிமிடம் செல்பேசியை மடியில் வைத்துவிட்டு வெளியே பார்க்கலாம்.

பிறகு காலாப்பட்டு வரும். புதுச்சேரிப் பல்கலைக்கழகம் இருக்கும் ஊர். ‘வந்துவிட்டோம்’ என்று பெட்டியை இறக்க எழுந்துவிடாதீர்கள். அது தனித் துண்டு. சற்றுத் தாண்டினால் மறுபடி தமிழ்நாடு. கோட்டக்குப்பம் வரை தமிழ்நாடுதான். அதன் பிறகு முத்தியால்பேட்டையில்தான் உண்மையான புதுச்சேரி. பெட்ரோல் விலை புதுச்சேரியில் சில ரூபாய் குறைவு. திரும்பும் வழியில் டேங்கை நிரப்பிக்கொண்டு போவது சென்னைக் கார்களின் சம்பிரதாயம்.

சனிக்கிழமை காலை பதினொரு மணிக்குக் கோட்டக்குப்பத்தில் மாட்டிக்கொண்டவர்களுக்குத் தெரியும்: நூற்று நாற்பது கிலோமீட்டரைப் பறந்து கடந்துவிட்டு, கடைசி நான்கு கிலோமீட்டருக்கு முக்கால் மணி நேரம். ஒரு பக்கம் கடைகள், மறுபக்கம் கடைகள், நடுவில் ஒரு மணல் லாரி. நெடுஞ்சாலையை எவ்வளவு அகலப்படுத்தினாலும், ஊருக்குள் நுழையும் கழுத்து அதே கழுத்துதான். மாமல்லபுரத்துக்குத் தெற்கே நான்குவழிச் சாலைப் பணி நடந்துவருகிறது. முடிந்தால் இன்னும் சீக்கிரமாகக் கோட்டக்குப்பத்துக்கு வந்து நிற்கலாம்.

திண்டிவனம் வழி பத்துப் பதினைந்து கிலோமீட்டர் கூடுதல். பரனூர், ஆத்தூர், மொரட்டாண்டி என்று சுங்கச்சாவடிகள். பார்க்க ஒன்றும் இல்லை. ஆனால் நடுவில் தடுப்புச் சுவர் உள்ள சாலை. என் வழக்கம் இது: பகலில் இ.சி.ஆர்., இருட்டினால் திண்டிவனம். இ.சி.ஆரில் இரவில் மாடு, விளக்கில்லாத சைக்கிள், பணி நடக்கும் இடங்களில் திடீர் மாற்றுப்பாதை, போதாததற்கு ‘பாண்டி’யிலிருந்து உற்சாகமாகத் திரும்பும் இளைஞர்கள். இதில் கடைசியைத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன்.

பெங்களூருக்காரர்களுக்குச் சுமார் 310 கிலோமீட்டர்: கிருஷ்ணகிரி, ஊத்தங்கரை, செங்கம், திருவண்ணாமலை, செஞ்சி, திண்டிவனம். நல்ல வழி, செஞ்சிக் கோட்டை தரிசனம் இலவசம். பௌர்ணமி எப்போது என்று மட்டும் நாட்காட்டியைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். கிரிவலக் கூட்டத்தில் திருவண்ணாமலையில் சிக்கிக்கொண்டால் கடற்கரையில் சூரியோதயம் பார்க்கும் திட்டம் மறுநாளைக்குத் தள்ளிப்போகும்.

விமானத்தைப் பற்றி அண்ணன் கேட்ட கேள்விக்கும் விடை எல்லையில்தான் இருக்கிறது. லாஸ்பேட்டை விமான நிலையத்தின் ஓடுபாதை சுமார் 1,500 மீட்டர். ஏடிஆர் போன்ற, எழுபது பேர் உட்காரும் சுழலி விமானங்களுக்கு அது போதும். பெரிய ஜெட் விமானங்களுக்குப் போதாது. நீட்டலாம்தான். ஆனால் நீட்ட வேண்டிய நிலம் தமிழ்நாட்டுக்குள் இருக்கிறது. கிழிந்த வேட்டியின் ஓரம் ஓடுபாதைக்குக் குறுக்கே வந்து நிற்கிறது. எனவே இரு அரசுகளும் பேசுகின்றன, கடிதம் எழுதுகின்றன, மறுபடி பேசுகின்றன. இதற்கிடையில் 2013-இல் பெங்களூருக்குச் சேவை தொடங்கியது, நின்றது. 2017-இல், சிறு நகரங்களுக்கு விமானம் விடும் மத்திய அரசின் உடான் திட்டத்தில் ஐதராபாத்துக்குத் தொடங்கியது. அதுவும் பின்னர் நின்றது. 2024 டிசம்பரில் பெங்களூருக்கும் ஐதராபாத்துக்கும் மறுபடி தொடங்கியிருக்கிறது.

சிறிய விமானம் என்றால் இருக்கைக்கு ஆகும் செலவு கூடும். டிக்கெட் விலை ஏறும். பெங்களூர்க்காரர் ‘இந்தக் காசுக்கு நான்கு பேர் காரில் போய்விடலாமே’ என்று கணக்குப் போடுவார். வெளிநாட்டிலிருந்து வருபவர் எப்படியும் மீனம்பாக்கத்தில் இறங்கி, வாடகைக் காரில் மூன்று மணி நேரத்தில் வந்துவிடுகிறார். சென்னை விமான நிலையம் நகரத்தின் தெற்கே இருப்பது புதுச்சேரிக்குப் பெரிய வரம்; லாஸ்பேட்டைக்கு அதுவே சாபம்.

நவம்பர், டிசம்பரில் போகிறவர்கள் வானிலை அறிக்கையைப் பார்க்காமல் கிளம்ப வேண்டாம். ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்து, நகராமல் அங்கேயே நின்று பெய்தது. ஒரே நாளில் நாற்பது சென்டிமீட்டருக்கு மேல் மழை. ஊர் மூழ்கியது இருக்கட்டும். வழிகள் என்ன ஆயின என்று பாருங்கள். விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் இடையே பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தாண்டியதால் ரயில்கள் நின்றன. விழுப்புரத்துக்குத் தெற்கே தென்பெண்ணை பொங்கித் தேசிய நெடுஞ்சாலையையே மூடியது. அந்த நாட்களில் கொல்லைப்புறக் கதவும் தாழ்.

கடைசியாகத் தலைவாசலைப் பற்றி ஒரு செய்தி. 2022-இல் சொகுசுக் கப்பல் ஒன்று புதுச்சேரிக்கு வந்தபோது, உள்ளே சூதாட்டம் நடக்கும் என்ற எதிர்ப்பினால் அரசு அனுமதி தரவில்லை. கப்பல் தொலைவிலேயே நின்றுவிட்டுப் போனது. 2025 ஜூலையில் மறுபடி வந்தது. இந்த முறை அனுமதி இருந்தது. துறைமுகத்தில்தான் அவ்வளவு பெரிய கப்பலுக்கு ஆழம் இல்லை. கப்பல் ஆழ்கடலில் நங்கூரமிட்டு நிற்க, பயணிகளைச் சிறு படகுகளில் ஏற்றிக் கரைக்குக் கொண்டுவந்தார்கள்.

அண்ணனுக்கு அந்தச் செய்தியை அனுப்பினேன். “இந்தப் படகாவது ஆணி அடித்ததா, தைத்ததா?” என்று பதில் வந்தது.